பழைய டைரக்டரியைக் காட்டி பேக்கப் என்பார்கள், நம்பாதீர்கள்

போன மாதம் எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரை 12-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாற்றும் வேலையை வெளியே ஒரு சர்வீஸ்காரரிடம் கொடுத்தோம். "அரை மணி நேர வேலைதான், பேக்கப் எடுத்துவிட்டுத்தான் தொடுவேன்" என்றார். நான்கு நாள் தரவு போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

12.4-இலிருந்து 12.20-க்குப் போனால் கோப்பு வடிவம் மாறாது, ரீஸ்டார்ட் செய்தால் போதும். முதல் எண் மாறினால் கதையே வேறு, பழைய டேட்டா டைரக்டரியை (தரவுக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) புது சர்வர் திறக்கவே திறக்காது. அந்த மாற்றத்துக்குத்தான் பிஜி_அப்கிரேட் என்ற கருவி இருக்கிறது. அதை அவர் லிங்க் முறையில் ஓட்டியிருக்கிறார். அதில் தரவுக் கோப்புகள் நகலாகாது, ஹார்டு லிங்க் மட்டும் விழும், அதாவது பழைய டைரக்டரியும் புதிய டைரக்டரியும் டிஸ்கில் உள்ள அதே கோப்புகளைத்தான் காட்டும். சீக்கிரம் முடியும், அது நல்ல முறைதான். ஆனால் "இதோ பேக்கப்" என்று அவர் எனக்குத் திரையில் காட்டியது அந்தப் பழைய டைரக்டரியை! அளவும் சரியாக இருந்ததால் நானும் சரி என்றுவிட்டேன்.

புது சர்வர் எழுந்தது, செயலியால் லாகின் செய்ய முடியவில்லை. எங்கள் பாஸ்வேர்டுகள் எம்டி5 என்ற பழைய முறையில் சேமிக்கப்பட்டிருந்தன, யார் எப்படி லாகின் செய்யலாம் என்று சொல்லும் புது பிஜி_ஹெச்பிஏ கோப்பு ஸ்க்ராம் என்ற புதிய முறையைக் கேட்டது. அந்தக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்திருக்கும். அவர் அதைப் பார்க்காமல், பழைய டைரக்டரியில் பிஜி_கன்ட்ரோல் கோப்பின் பெயரில் பிஜி_அப்கிரேட் ஒட்டியிருந்த '.ஓல்ட்' என்பதை எடுத்துவிட்டுப் பழைய சர்வரைக் கிளப்பினார். புதியதை ஒருமுறை ஓட்டிவிட்டால் பழையதை ஓட்டுவது பாதுகாப்பில்லை என்று அந்தக் கருவியே ஓடும்போது அச்சடிக்கிறது. '.ஓல்ட்' எடுக்கச் சொல்வதற்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கிறது. முதல் பாதியைப் படித்தவர் அடுத்ததைப் படிக்கவில்லை.

ஒரு மணி நேரம் ஓடியது. அதே கோப்புகளை இரண்டு சர்வர்களும் தொட்டிருந்ததால், அப்புறம் ஒவ்வொரு அட்டவணையாகப் பிழை வர ஆரம்பித்தது. கடைசியில் கைகொடுத்தது நான்கு நாள் முன்பு நானே எடுத்து வேறு கணினியில் போட்டிருந்த பிஜி_டம்ப் நகல் மட்டும்தான். கேட்டால் "உங்கள் டேட்டா முன்னாடியே கெட்டிருக்கும்" என்கிறார், முழுத் தொகைக்கும் பில் அனுப்பியிருக்கிறார்.

தயவுசெய்து வேலை தொடங்கும் முன் டேட்டா டைரக்டரிக்குள் உள்ள பிஜி_வெர்ஷன் கோப்பைத் திறந்து எந்தப் பதிப்பு என்று நீங்களே பாருங்கள். பிஜி_அப்கிரேடை 'செக்' விருப்பத்தோடு முதலில் ஓட்டச் சொல்லுங்கள், சர்வர் ஓடும்போதே செய்யலாம், தரவைத் தொடாது. லிங்க் முறையா, காப்பி முறையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓஎஸ்ஸும் சேர்ந்து மாறினால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) பதிப்பையும் பாருங்கள், 2.28-இல் எழுத்து வரிசை மாறியதால் டெக்ஸ்ட் இன்டெக்ஸ்களை ரீஇன்டெக்ஸ் செய்ய (மறுபடி கட்ட) வேண்டிவரும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தை வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், 8.0-க்குப் போனபின் அதே டைரக்டரியோடு 5.7-க்குத் திரும்ப வழியில்லை.

பேக்கப் என்று யார் எதைக் காட்டினாலும், அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசியாகச் சேர்ந்த பதிவு அதில் வருகிறதா என்று பார்த்த பிறகே சர்வரை நிறுத்த விடுங்கள்.