பிக் லைன் போடுமுன்: விரல், அகச்சிவப்பு, அல்ட்ராசவுண்ட்

கைச்சிரை வழியே இதயத்துக்கு அருகே வரை செலுத்தும் நீண்ட, மெல்லிய குழாய்தான் பிக் லைன் (PICC). கீமோதெரபி நோயாளியின் மேற்கையில் அதைப் போட்டால், அது மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதை எந்தச் சிரையில் போடுவது என்று முடிவு செய்ய மூன்று வழிகள் உண்டு.

விரலால் தடவிப் பார்ப்பதைக் குறைத்துப் பேச மாட்டேன். சாதாரண டிரிப்ஸுக்கு அனுபவமுள்ள செவிலியரின் விரலே போதும். புடைத்து நிற்கும் சிரைக்குக் கருவி எதற்கு? ஆனால் வீங்கிய கையிலும், பலமுறை ஊசி ஏறித் தடித்துப்போன கையிலும் விரல் ஏமாந்துபோகும்.

அகச்சிவப்புக் கருவி தோலின் மேல் சிரைகளைக் கோடுகளாகக் காட்டும். பார்க்க அழகுதான். ஆனால் தோலை ஒட்டிய சிரைகளுக்கு மேல் அதன் பார்வை போகாது, உள்விட்டத்தையும் சொல்லாது. பிக் லைனுக்கு உகந்த பசிலிக் சிரை மேற்கையில் ஆழத்தில் ஓடுவதால், இந்த வேலைக்கு அது உதவாது.

அல்ட்ராசவுண்டில் ரத்தக்குழாய்கள் கரிய வட்டங்களாகத் தெரியும். தோலில் வைத்துப் பார்க்கும் முனையான புரோபை லேசாக அழுத்தினால் சிரை நசுங்கி மறையும்; தமனி துடித்துக்கொண்டு நிற்கும். நசுங்க மறுக்கும் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். அடுத்தது அளவு. கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் விட்டத்தை அளக்க வேண்டும். கட்டியிருக்கும்போது சிரை உப்பிக் காட்டும். குழாயின் தடிமனை ‘பிரெஞ்ச்’ என்ற அலகில் சொல்வார்கள்; 4 பிரெஞ்ச் குழாயின் தடிமன் சுமார் 1.33 மி.மீ. குழாய் சிரையின் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறை விதி. அப்படியானால் சிரை 3 மி.மீ. இருக்க வேண்டும். 5 பிரெஞ்சுக்கு ஏறக்குறைய 3.7 மி.மீ. இடம் நெருக்கமானால் ரத்த ஓட்டம் தேங்கிக் கட்டி உருவாகும் அபாயம் கூடும். இந்த அளவை வேறு எந்த வழியும் தராது.

கழுத்துச் சிரையில் மையக்குழாய் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்லும் குழாய்) போட அல்ட்ராசவுண்டின் துணையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2002-லேயே பரிந்துரைத்தது. பல இடங்களில் இன்றும் குத்தும் நேரத்தில் மட்டும் புரோபை எடுக்கிறார்கள். அது பாதி வேலை. கிருமிநீக்கம் செய்து துணி விரிப்பதற்கு முன்பே இரு கைகளையும் அக்குள் வரை பார்த்துவிட வேண்டும்.

செலவும் பயிற்சியும் உண்மையான தடைகள். இந்தியாவில், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அல்ட்ராசவுண்ட் கருவிகளுக்கு விதிக்கும் பதிவு விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. கருவியை நினைத்த இடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. இருக்கும் ஒரே கருவியை முதலில் பிக் லைன் நோயாளிகளுக்கே ஒதுக்குவேன். இரு கைகளிலும் 3 மி.மீ. சிரை இல்லையென்றால், தோலுக்கடியில் பொருத்தும் மருந்தேற்று வாயிலான கீமோ போர்ட் பற்றி அவர்களிடம் அப்போதே பேசிவிடலாம். இரண்டு மூன்று முறை குத்திப் பார்த்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குவது நியாயமில்லை.