பை சுவரில், நீங்கள் மேசையில்: திரையை ஆள எது தோது?

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையோடு ஒரு டிவியையோ 7 அங்குலத் தொடுதிரையையோ இணைத்துச் சுவரில் மாட்டியாகிவிட்டது. விசைப்பலகையும் கிடையாது, மவுஸும் கிடையாது. உங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே அதில் ஓடுவதை மாற்றணும். யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் "விஎன்சி போடுங்க" என்பார்கள், அதாவது தூரத்துக் கணினியின் திரையை உங்கள் கணினியில் காட்டும் மென்பொருள். தப்பான பதில் இல்லை, ஆனால் பல நேரம் தேவைக்கு மேல். முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: அந்தத் திரையில் இப்போது என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்க்கணுமா, இல்லை அங்கே ஓடுவதை மாற்றினால் மட்டும் போதுமா? பார்க்கத் தேவையில்லை என்றால் மொத்தப் படத்தையும் நெட்வொர்க் வழியாக இழுத்துக்கொண்டு வருவது வீண். 1920க்கு 1080 திரையின் ஒரே ஒரு ஃபிரேம், சுருக்காமல் வைத்தால், 8 எம்பிக்கு மேல் வரும். அதே திரையில் வீடியோவை மாற்றச் சொல்லும் கட்டளை நூறு எழுத்து கூட இருக்காது.

முதலில் கழித்துவிட வேண்டியதைக் கழித்துவிடலாம். எக்ஸ்ஆர்டிபி, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பைக்குள் நுழைய விடும் மென்பொருள். விண்டோஸ்காரர்களுக்கு ரிமோட் டெஸ்க்டாப் கையோடு வருவதால் நேராக இதற்குத்தான் போவார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. நீங்கள் உள்ளே நுழைந்ததும் அது வழக்கமாக உங்களுக்கென்று புதிதாக ஒரு டெஸ்க்டாப்பை உருவாக்கும். சுவரில் தெரியும் டெஸ்க்டாப் தன்பாட்டில் வேறாக ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் இங்கே குரோமியம் பிரவுசரைத் திறந்து பக்கத்தை மாற்றிவிட்டு, சுவரில் ஏன் மாறவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அதே பயனர் ஏற்கனவே திரையில் உள்நுழைந்திருந்தால் வெறும் கறுப்புத் திரை வருவதும் சகஜம். திரையே இல்லாத பைக்கு எக்ஸ்ஆர்டிபி சரி, திரை மாட்டிய பைக்கு வேண்டாம்.

இப்போது விஎன்சி. சுவரில் இருக்கும் அதே டெஸ்க்டாப்பை அப்படியே உங்கள் ஜன்னலில் காட்டும், மவுஸை நகர்த்தினால் அங்கேயும் அம்பு நகரும். கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த சரக்கு. பையும் அதே ஊர்க்காரன்தான். 2016இலிருந்து ரியல்விஎன்சி பையின் இயங்குதளத்தோடேயே வந்துகொண்டிருந்ததால் இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் எல்லாமே அதைத்தான் சொல்லும். அங்கேதான் இன்றைக்குப் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். 2023 அக்டோபரில் இயங்குதளத்தின் புக்வர்ம் பதிப்பு வந்தபோது பை 4, பை 5 இரண்டும் எக்ஸ்11ஐ விட்டு வேலண்டுக்கு மாறின (இரண்டும் திரையில் ஜன்னல்களைக் காட்டும் அடிப்படை அமைப்புகள், எக்ஸ்11 பழையது), ரியல்விஎன்சி சர்வர் போய் வேலண்டுக்கான வேவிஎன்சி வந்தது. 2024 அக்டோபரில் லேப்டபிள்யூசி என்ற இலகுவான அமைப்பு வந்து, மற்ற மாடல்களும் வேலண்டுக்கு வந்துவிட்டன. ஆக, எந்த வழிகாட்டியைப் படித்தாலும் அது எழுதப்பட்ட தேதியை முதலில் பாருங்கள். எக்ஸ்11க்கான விஎன்சி சர்வரான எக்ஸ்11விஎன்சி பற்றி ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார், எல்லாம் சரியாகவே எழுதியிருப்பார், உங்கள் பையில் ஒன்றுகூட நடக்காது.

வேவிஎன்சியை எழுப்புவது சுலபம், ராஸ்பி-கான்ஃபிக் என்ற பையின் அமைப்புக் கருவியில் இன்டர்ஃபேஸ் பகுதியில் விஎன்சியை ஆன் செய்தால் முடிந்தது. இந்தப் பக்கம் டைகர்விஎன்சி வியூவர் வைத்துக்கொள்ளுங்கள். புக்வர்ம் வந்த புதிதில் ரியல்விஎன்சியின் வியூவர் வேவிஎன்சியோடு ஒத்துப்போகவில்லை, அப்போது பை குழுவினரே டைகரைத்தான் பரிந்துரைத்தார்கள். எக்ஸ்11விஎன்சி போடுகிறவர்கள் (ஆரஞ்சு பை மாதிரி பலகைகளில் எக்ஸ்11 டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதுதான் கதி) ஒன்றைக் கவனிக்கணும்: பழைய விஎன்சி கடவுச்சொல் முறையில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. நீங்கள் இருபது எழுத்தில் பெருமையாக வைத்தாலும் மீதி பன்னிரண்டும் அலங்காரம். விஎன்சியின் 5900 போர்ட்டை வெளியே திறந்து வைக்காமல் எஸ்எஸ்எச் (தூரக் கணினிக்குப் பாதுகாப்பாகக் கட்டளை அனுப்பும் இணைப்பு) சுரங்கத்துக்குள் விட்டுக் கொண்டுவருவதுதான் உத்தமம்.

விஎன்சியின் பலவீனம் வீடியோவில் தெரியும். டெஸ்க்டாப்பில் மெனு, அமைப்புகள், கோப்புகள் என்று மேய்வதற்குக் குறையே இல்லை. சுவரில் வீடியோ ஓடும்போது இணைத்தீர்கள் என்றால் மாறுகிற ஒவ்வொரு படத்தையும் பை சுருக்கி உங்களுக்கு அனுப்பப் பாடுபடும். பை ஜீரோ டபிள்யூ மாதிரி 512 எம்பி நினைவகத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மூச்சு விடும் பலகை என்றால் சுவரில் ஓடும் படமே திக்கித் திணறும். பார்க்க வந்த உங்களால் பார்ப்பவர்களுக்கு இடைஞ்சல். இன்னொரு தொல்லையும் உண்டு. டிவி அணைந்திருக்கும்போது பை பூட் ஆனால், திரை இருப்பதே அதற்குத் தெரியாமல் போகலாம், அப்புறம் விஎன்சியில் காட்டவும் ஒன்றும் இருக்காது. பழைய அமைப்பில் கான்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ ஹாட்பிளக்கைக் கட்டாயப்படுத்தும் ஒரு வரி போடுவோம். இப்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் திரையின் பெயரையும் அளவையும் எழுதி, கடைசியில் டி என்ற எழுத்தைப் பெரிய எழுத்தாக (D) சேர்க்கணும். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் மாட்டியிருந்தால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

ஒரே வீட்டு வைஃபைக்குள் இருக்கும்வரை மேலே சொன்னது போதும். பை வேறு ஊரில், அதுவும் மொபைல் நெட்டில் ஓடுகிறது என்றால் வெளியிலிருந்து நேராக அதைத் தொட வழி இருக்காது. அதற்கு ராஸ்பெர்ரி பை கனெக்ட், 2024 மே மாதம் சோதனைப் பதிப்பாக வந்தது. பையில் நிறுவி, பை ஐடி கணக்கில் உள்நுழைந்தால், எந்தக் கணினியின் பிரவுசரிலும் திரை வரும். அடியில் ஓடுவது வேவிஎன்சிதான், மேலே வெப்ஆர்டிசி என்ற பிரவுசர் இணைப்பு நுட்பம். இரண்டு பக்கமும் நேராகப் பேசிக்கொள்ளப் பார்க்கும், முடியாவிட்டால் அவர்களுடைய சர்வர் வழியாகச் சுற்றி வரும். திரைப் பகிர்வுக்கு வேலண்ட் கட்டாயம். டெர்மினல் மட்டும் போதும் என்றால் டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பிலும் ஓடும், அது ரொம்ப உபயோகம். வசதியில் விஎன்சியை அடித்துவிடுகிறது, சந்தேகமில்லை. ஆனால் உங்கள் திரைக்குள் நுழையும் வாசலின் சாவி இன்னொருவருடைய சேவையில் தொங்குகிறது, அது உங்களுக்குச் சம்மதமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே வீட்டுக்குள் இருக்கும் பைக்கு இதைப் போடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

திரை கண்ணுக்கு எதிரிலேயே இருக்கிறது, விசைப்பலகைதான் எட்டவில்லை என்பவர்களுக்கு வேறு ஜாதி மென்பொருள் உண்டு: சினர்ஜி, அதிலிருந்து பிரிந்த பேரியர், பேரியர் தேங்கிப்போன பிறகு அதிலிருந்து கிளைத்த இன்புட் லீப். உங்கள் மேசைக் கணினியின் மவுஸை வலது ஓரத்துக்குத் தள்ளினால் அம்பு மறைந்து பையின் திரையில் போய் முளைக்கும், விசைப்பலகையும் கூடவே அங்கே போகும். படம் எதுவும் நெட்வொர்க்கில் வராது, விசைத் தட்டல்களும் மவுஸ் அசைவுகளும் மட்டும் போகும், அதனால் தாமதமே தெரியாது. இருப்பதிலேயே சுகமான அனுபவம் இதுதான் என்பேன். பிரச்சினை வேலண்ட். இந்த வகை மென்பொருள்கள் எக்ஸ்11 காலத்தில் வளர்ந்தவை, லேப்டபிள்யூசியோடு ஒட்ட மறுக்கும். ராஸ்பி-கான்ஃபிக்கில் எக்ஸ்11க்குத் திரும்பி வைத்தால் நிம்மதி. அதற்கு மனமில்லை என்றால் ஒரு வயர்லெஸ் விசைப்பலகை வாங்கிவிடுங்கள், சல்லிசாகக் கிடைக்கிறது.

சரி, இனி எனக்குப் பிடித்தது: எஸ்எஸ்எச். கறுப்பு ஜன்னலில் எழுத்து மட்டும்தானே வரும், அதை வைத்துத் திரையில் என்ன செய்வது என்று நினைப்பவர்கள் அதிகம். எஸ்எஸ்எச் வழியாக ஒரு நிரலைத் தொடங்கும்போது அது எந்தத் திரையில் தோன்றணும் என்று சொல்லிவிட்டால் சுவரிலேயே தோன்றும். எக்ஸ்11இல் டிஸ்ப்ளே என்ற மாறிக்கு முக்காற்புள்ளியும் சுழியமும் கொடுத்தால் போதும். வேலண்டில் இரண்டு மாறிகள்: இயங்கும்நேர அடைவு எது, அதற்குள் வேலண்ட் சாக்கெட்டின் பெயர் என்ன என்று. பெயர் வேலண்ட்-0 அல்லது வேலண்ட்-1 ஆக இருக்கும், ரன் அடைவுக்குள் யூசர், அதற்குள் 1000 என்று போய்ப் பட்டியலிட்டால் கண்ணில் படும். திரையில் உள்நுழைந்திருக்கும் அதே பயனராகத்தான் நீங்களும் நுழையணும், வேறு பயனராக நுழைந்து முயன்றால் கதவைச் சாத்திவிடும்.

இங்கே எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று. எஸ்எஸ்எச்சில் எக்ஸ் கொடி (-X) போட்டு இணைத்தால் ஜன்னல் திரையில் வரும் என்று படித்திருப்பீர்கள். வரும், ஆனால் உங்கள் திரையில். நிரல் பையில் ஓடும், ஜன்னல் உங்கள் கணினிக்கு வந்துவிடும். நமக்கு வேண்டியது நேர் எதிர்த்திசை, அதனால் அந்தக் கொடியைத் தொடாதீர்கள். இன்னொன்று, எஸ்எஸ்எச்சை மூடினால் நீங்கள் தொடங்கியதும் கூடவே செத்துப்போகலாம், கட்டளைக்கு முன்னால் நோஹப் சேர்த்து, கடைசியில் & குறி போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

அப்போ பார்க்கணும் என்றால்? அதற்கும் எஸ்எஸ்எச்சே போதும். வேலண்டில் கிரிம், எக்ஸ்11இல் ஸ்க்ராட், இரண்டும் திரையை ஒரு படமாக எடுத்துக் கோப்பில் போடும். அந்தக் கோப்பை இங்கே இழுத்துப் பார்த்தால் தீர்ந்தது. "சுவரில் பக்கம் ஒழுங்காக வந்ததா, இல்லை பிழைச் செய்திப் பெட்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறதா" என்று தெரிந்துகொள்ள நேரடி ஒளிபரப்பு எதற்கு, ஒரு புகைப்படம் போதாதா.

இதிலிருந்து இன்னொரு படி போகலாம்: டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு, திரையில் ஓடும் நிரலோடு நேராகப் பேசுவது. வீடியோ என்றால் எம்பிவி என்ற வீடியோ பிளேயரைத் தொடங்கும்போதே ஒரு சாக்கெட் திறந்து வைக்கச் சொல்லலாம், அதன் வழியாக அடுத்த வீடியோ, நிறுத்து, ஒலியைக் குறை என்று ஜேசன் வரிகளாக அனுப்பினால் ஜன்னல் மூடாமல், நடுவில் டெஸ்க்டாப் எட்டிப்பார்க்காமல் மாறும். நகைக்கடை விலைப்பலகை மாதிரி குரோமியத்தை கியாஸ்க் முறையில் முழுத்திரையாக ஓட்டுகிறீர்கள் என்றால் ரிமோட் டீபக்கிங் போர்ட் 9222ஐத் திறந்து வையுங்கள். எஸ்எஸ்எச் சுரங்கத்தில் அதை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து, உங்கள் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் சேர்த்தால், சுவரில் ஓடும் பக்கம் டெவலப்பர் கருவிகளோடு உங்கள் கையில் இருக்கும். முகவரியை மாற்றலாம், பக்கத்தைப் புதுப்பிக்கலாம், ஓரத்தில் படமும் தெரியும், அதன்மேல் சொடுக்கவும் முடியும். குரோம் 136இலிருந்து இந்தப் போர்ட் திறக்க, வழக்கமானது அல்லாத தனி யூசர் டேட்டா அடைவு கொடுத்தே ஆகணும், பழைய கட்டளை வேலை செய்யாமல் போனவர்கள் அதைப் பாருங்கள். இந்தப் போர்ட்டைச் சுரங்கத்துக்கு வெளியே விடவே விடாதீர்கள். பிரவுசரின் மொத்தச் சாவியும் அதுதான்.

டெஸ்க்டாப்பே இல்லாத லைட் பதிப்பில் எழுத்து மட்டும் காட்டும் சின்னத் திரையா? டீமக்ஸ், ஒரே டெர்மினல் அமர்வில் பல இடங்களிலிருந்து ஒட்டிக்கொள்ள விடும் நிரல். பை எழுந்ததும் தானாக உள்நுழைந்து டீமக்ஸ் அமர்வைத் தொடங்கும்படி வைத்து, நீங்கள் எஸ்எஸ்எச்சில் வந்து அதே அமர்வில் ஒட்டிக்கொண்டால் இரண்டு திரையிலும் ஒரே எழுத்து, நீங்கள் தட்டுவது அங்கேயும் ஓடும். உங்கள் ஜன்னல் பெரிது, அங்கே இருப்பது 3.5 அங்குலம் என்றால் கடைசியாகத் தட்டியவரின் அளவுக்கு டீமக்ஸ் மாறிக்கொள்ளும், சின்னத் திரையில் பாதி வெட்டுப்படும். விண்டோ-சைஸ் அமைப்பைச் சிறியதற்கு என்று வைத்தால் அங்கே முழுதாகத் தெரியும், உங்கள் ஜன்னலில் மீதி இடம் புள்ளிகளால் நிரம்பும். டீமக்ஸ் தொடங்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, கான்ஸ்பை என்ற நிரல் ஏற்கனவே ஓடும் கன்சோலை எட்டிப்பார்த்து விசைகளையும் அனுப்பும். நெட்வொர்க்குக்கு இவ்வளவு இலகுவானது வேறு இல்லை.

கடைசியாக வெளிச்சம். இரவில் திரையை அணைக்கணும் என்பதற்காக மட்டுமே விஎன்சி போடுகிறவர்கள் உண்டு. பையின் முதல் 7 அங்குலத் திரை என்றால் சிஸ் அடைவுக்குள் பேக்லைட் பகுதியில் பிரைட்னஸ் என்று ஒரு கோப்பு இருக்கும், 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதினால் வெளிச்சம் அதன்படி. சுடோ போட்டு எக்கோ செய்து கோப்புக்குள் திருப்பிவிட்டால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் திருப்பிவிடும் வேலையைச் செய்வது உங்கள் ஷெல், அதற்கு சுடோ இல்லை. எக்கோவின் வெளியீட்டைக் குழாய் வழியாக "சுடோ டீ"க்கு அனுப்பினால் எழுதும். எச்டிஎம்ஐ என்றால் டபிள்யூஎல்ஆர்-ராண்டர் கட்டளையால் வெளியீட்டை நிறுத்தலாம், மானிட்டர் என்றால் தூங்கிவிடும். டிவி என்றால் பல நேரம் "சிக்னல் இல்லை" என்ற பெட்டியோடு விழித்துக்கொண்டே இருக்கும். அதற்கு சிஇசி (எச்டிஎம்ஐ கம்பி வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று ஆளும் வசதி) பேசும் சிஇசி-கிளையன்ட் வழியாக ஸ்டாண்ட்பை சொல்லணும், எச்டிஎம்ஐ கம்பியிலேயே போய் டிவியை அணைக்கும். டிவி அமைப்பில் சிஇசி ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சாம்சங் அதற்கு எனிநெட்+ என்றும் எல்ஜி சிம்ப்லிங்க் என்றும் சோனி பிராவியா சிங்க் என்றும் பெயர் வைத்திருக்கின்றன.