லெமன் ஆயில் என்ற பெயரில் பூசப்பட்ட ஆளிவிதை எண்ணெய்: கிதார் வைத்திருப்போர் கவனத்துக்கு

சென்னையில் இசைக்கருவிகளை விற்பதோடு பழுதுபார்த்தும் தரும் ஒரு கடையில், என் மகளின் அக்கூஸ்டிக் கிதாருக்குப் புதுத் தந்தி போடக் கொடுத்திருந்தேன். பணியாளர் கருவியைக் கையில் வாங்கியதுமே, ஃபிங்கர்போர்டு (தந்திகளை விரலால் அழுத்தும் மரப் பலகை) மிகவும் வறண்டுவிட்டது என்றும், இப்படியே விட்டால் மரம் பிளந்து ஃப்ரெட்டுகள் (அந்தப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) எல்லாம் கழன்றுவிடும் என்றும் சொல்லி, "இம்போர்ட்டட் லெமன் ஆயில்" கொண்டு கண்டிஷனிங் செய்ய 800 ரூபாய் வாங்கினார். கிதாரைத் திரும்பப் பெறும்போது, மாதம் ஒருமுறை வீட்டிலேயே பூச வேண்டும் என்று 60 மில்லி புட்டி ஒன்றையும் 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மரம் வறண்டிருந்தது என்பதும் பொய், புட்டியில் இருந்தது லெமன் ஆயில் என்பதும் பொய். இதே பேச்சு உங்களிடமும் பேசப்படலாம் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கிதார் வீட்டுக்கு வந்தபோது பலகை பளபளவென்று கறுத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓரிரு வாரத்தில் விரல் வைத்தால் பிசுபிசுத்தது. பிறகு அந்தப் பிசுக்கே இறுகி, ஒவ்வொரு ஃப்ரெட்டின் இரு ஓரங்களிலும் பழுப்பு மஞ்சள் நிறத்தில் ஒரு படலமாகப் படிந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உள்ள இரண்டு வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றித் துணித் தும்பும் தூசியும் அந்தப் படலத்துக்குள்ளேயே சிக்கி உறைந்திருந்தன. நகத்தால் சுரண்டியபோது பென்சில் சீவல்போலச் சுருண்டு வந்தது. அப்போதுதான் மாட்டிய தந்திகளும் எண்ணெய் இறங்கி மந்தமாக ஒலித்தன. புட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால், வாய்ப்பகுதியில் எண்ணெய் ஆடை கட்டியிருந்தது. எலுமிச்சை வாசனைக்கு அடியில் பெயின்ட் கடை வாடை. கருவியைச் சரிசெய்து கொடுத்த வேறொரு கைவினைஞர், மோந்து பார்த்த உடனேயே இது தச்சு வேலைக்கு வாங்கும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் என்று சொல்லிவிட்டார்.

எண்ணெய்களில் இருக்கும் வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெயும், டங் மர விதையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, திரவ நிலையிலிருந்து கெட்டியான படலமாக மாறுபவை; தண்ணீர் ஆவியாகி உலர்வதைப் போன்றதன்று இது. கடைகளில் "பாயில்டு" என்ற பெயரில் கிடைக்கும் வகையில், விரைவில் இறுகுவதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகங்களின் உப்புகளைச் சேர்க்கிறார்கள். இந்த எண்ணெயை மிக மெல்லத் தடவி, ஒரு துளியும் மேலே தங்காமல் துடைத்தெடுக்கும் தேர்ந்த கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதை மாதாமாதம் பூசச் சொல்லிக் கொடுப்பது, விரல் படும் இடத்தில் வார்னிஷ் மேல் வார்னிஷாக அடுக்கச் சொல்வதற்குச் சமம்.

உண்மையான எலுமிச்சை எண்ணெய் பழத்தோலிலிருந்து எடுப்பது. அதில் பெரும்பகுதி லிமோனீன் என்ற கரைப்பான். அது அழுக்கைக் கரைத்து நீக்கும், பிறகு ஆவியாகிப் போய்விடும்; மரத்தில் தங்கிப் பாதுகாக்கும் குணம் அதற்குக் கிடையாது. ஃபிங்கர்போர்டுக்கென்று லெமன் ஆயில் என்ற பெயரில் சந்தையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை வாசனை சேர்த்த கனிம எண்ணெய்தான் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது). அந்தப் பெயர் வைப்பே எனக்கு உவப்பானதாக இல்லை என்றாலும், கனிம எண்ணெய் இறுகாது, சிக்கு வாடையும் அடிக்காது என்பதால் மரத்துக்குக் கெடுதல் இல்லை. வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ இறுகி உலர்வதும் இல்லை, நெடுநாள் கெடாமல் இருப்பதும் இல்லை. மரத்தில் தங்கிக் காறிப்போய் அழுக்கைச் சேர்க்கும்.

இனி, "வறண்டுவிட்டது" என்ற மிரட்டலுக்கு வருகிறேன். மரம் வறள்வது எண்ணெய்க் குறைவால் அன்று. சுற்றியுள்ள காற்றில் ஈரப்பதம் குறையும்போது மரத்திலுள்ள நீர் வெளியேறுவதால்தான். கிதார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். கடற்கரை நகரமான சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. இரவு பகலாக ஏசி ஓடும் அறையில் வைத்திருந்தாலொழிய இங்கே ஒரு கிதார் வறள்வது எளிதன்று. மேலும், என் மகளின் கருவியில் உள்ளதைப் போன்ற ஈட்டி மரப் பலகையில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. உண்மையிலேயே வறண்டால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. ஆகவே பலகையின் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் துருத்திக்கொண்டு குத்தும். எங்கள் கிதாரில் அப்படி ஒரு முனைகூட இல்லை. நிறம் சற்று வெளிறியிருந்ததைக் காட்டித்தான் பிளவு என்று பயமுறுத்தியிருக்கிறார்கள்.

புட்டியுடன் கடைக்குப் போனபோது, முதலில் நீங்கள்தான் அதிகமாகப் பூசிவிட்டீர்கள் என்றார்கள். வீட்டில் ஒருமுறைகூடப் பூசவில்லை, புட்டி ஏறக்குறைய நிறைந்திருக்கிறது என்று காட்டியதும், இது வெளிநாட்டுச் சரக்கு, நாங்கள் பொறுப்பில்லை என்று பேச்சு மாறியது. எந்த நாடு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. லேபிளில் ஓர் எலுமிச்சம்பழப் படமும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் மட்டுமே இருந்தன. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை போன்றவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இதில் எதுவும் இல்லை. ரசீதிலோ "சர்வீஸ்" என்ற ஒற்றைச் சொல்லும் மொத்தத் தொகையும்தான். எண்ணெயின் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் இடத்தில் கருவியை விடாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்காததால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

நான் நின்றிருந்தபோதே, வயலின் கொண்டுவந்த ஒருவருக்கும் அதே புட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வயலினில் இது இன்னும் ஆபத்தானது. விரல் பலகை விலங்குப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் எண்ணெய் இறங்கிவிட்டால், பின்னாளில் கழற்றி ஒட்டும்போது பசை பிடிக்காது. விலை குறைந்த வயலின்களில் கருங்காலிக்குப் பதிலாக வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். கரைப்பான் கலந்த எண்ணெய் பட்டால் சாயம் துணியோடு வந்துவிடும். கர்நாடக இசைக் கலைஞர்கள் விரல் வழுக்குவதற்காகத் தடவிக்கொள்ளும் தேங்காய் எண்ணெய் வேறு விஷயம். வாசித்து முடித்ததும் அதைத் துடைத்துவிட வேண்டும். வீணையின் மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) மெழுகில் பதிந்தவை என்பதால் லிமோனீனோ டர்பன்டைனோ அருகில்கூடப் போகக் கூடாது. மேப்பிள் பலகை கொண்ட கிதார்களில் பெரும்பாலும் மேலே லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும். எண்ணெய் உள்ளே இறங்கவே இறங்காது.

பூச்சு இல்லாத ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெயே போதும். ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, தந்திகளைக் கழற்றியபின் சில துளிகளைத் துணியில் விட்டுத் தேய்த்து, சில நிமிடங்களில் முழுவதும் துடைத்துவிட வேண்டும். கையிலுள்ள புட்டியின் மேல் ஐயம் இருந்தால், ஒரு கண்ணாடித் துண்டில் இரண்டு துளி விட்டுச் சில வாரம் வையுங்கள். கனிம எண்ணெய் அப்படியே நீர்மமாக இருக்கும். எலுமிச்சை எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகிவிடும். ஆளிவிதை எண்ணெய் தோல் கட்டும்.

ஏற்கெனவே பூசப்பட்டு ஈரமாக இருந்தால், டர்பன்டைன் லேசாக நனைத்த துணியால், பக்கத்திலுள்ள பாலிஷில் படாமல் துடைத்தெடுக்கலாம். இறுகிவிட்டால் பிளேடால் மெல்லச் சுரண்டி, மிக நுண்ணிய ஸ்டீல் உல்லால் (இரும்பிழைப் பஞ்சு) தேய்ப்பதைத் தவிர வழியில்லை; எங்கள் கிதாருக்கு அப்படித்தான் செய்தார்கள். எலக்ட்ரிக் கிதாராக இருந்தால், இரும்புத் துகள், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்பின் காந்தங்களில் ஒட்டாதபடி முதலில் டேப் ஒட்டி மூட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகும், சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்துப் போட்டு, நன்றாக விறைத்துக் காய்ந்த பிறகே எறியுங்கள்.