பழைய டை செட்டின் பொறிப்புகள்: 11 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கம்பத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் சென்ற வாரம் அழைத்து, அங்குள்ள பழைய இரும்புக்கடைக்கு மரப்பெட்டியோடு ஒரு பிரிட்டிஷ் டை செட் (கம்பியில் திருகு மரை வெட்டும் வட்டக் கருவிகளின் தொகுப்பு) வந்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் கேட்டார். அதே வகைப் பெட்டியை 11 ஆண்டுகளாகக் குமுளியில் என் பட்டறையில் வைத்து மரை வெட்டுகிறேன். தொலைபேசியில் முழுவதையும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

வெட்டும் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாகத் திருப்பினால், பிசிறில்லாத மரை கிடைக்கிறது. வண்டிப்பெரியார், பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய உருட்டு இயந்திரங்களுக்கு ஸ்டட்டு (தலையில்லாத மரைக் கம்பி) வெட்ட இவற்றைவிட நல்ல டைகளை நான் தொட்டதில்லை. டைப் பிடியின் நடுத்திருகை இறுக்கினால் டை விரியும், பக்கத்துத் திருகுகளை இறுக்கினால் சுருங்கும் என்பதெல்லாம் தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே.

என் மனக்குறை முழுவதும் பொறிப்பின் மேல்தான். பெட்டியில் அரை இஞ்சு டை மூன்று இருந்தன. ஒன்றில் பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) என்று தெளிவாக இருந்தது. அது இஞ்சுக்கு 16 மரை. மற்ற இரண்டிலும் 1/2 என்ற எண்ணைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவற்றுள் ஒன்று 12 மரை உள்ள விட்வொர்த், அதாவது பழைய பிரிட்டிஷ் பருமரை. மற்றொன்று பின்னாளில் யாரோ சேர்த்த யு.என்.சி. (ஒருங்கிணைந்த பருமரை), அதாவது 13 மரை. அதன் எழுத்துகளைத் துரு தின்றிருந்தது. இரண்டாம் ஆண்டில் உருட்டு இயந்திரத்துக்கு ஆறு ஸ்டட்டு வெட்டியபோது 12 மரை டைக்குப் பதிலாக இந்த 13 மரை டை என் கைக்கு வந்தது. நட்டு மூன்று சுற்று நன்றாக ஏறியது. பிறகு இறுகியதைத் துரு என்று எண்ணிய உதவியாளர் ஸ்பேனர் போட்டு அழுத்த, மரை அறுந்தது. கொழுந்து மிகுந்து வரும் பருவத்தில் அந்த இயந்திரம் ஒரு நாள் முழுவதும் நின்றது. தொழிற்சாலையிலிருந்து வந்தவரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

செய்தவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். விட்வொர்த் மரை 1841 முதல் இருக்கிறது, யு.என்.சி. அடங்கிய ஒருங்கிணைந்த மரையைப் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகியவை ஏற்றுக்கொண்டது 1940களின் இறுதியில்தான். அதற்கு முன் பிரிட்டனில் அரை இஞ்சு என்றால் முதலில் நினைவுக்கு வருவது விட்வொர்த் என்பதால், எழுத்து தேவையில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே அரை இஞ்சில் 16 மரை உள்ள பி.எஸ்.எஃப். 1908இலேயே வந்துவிட்டது. இரண்டு அளவுகள் புழக்கத்தில் இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் பெயர் பொறித்து மற்றொன்றை வெறுமையாக விடுவது பொறுப்பான வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர்களில் 'நாலு நூல் போல்ட்டு' (அரை இஞ்சு போல்ட்டு) என்று கேட்டு வருபவர்களும் விட்டத்தை மட்டுமே சொல்கிறார்கள். மாதிரியைக் கையில் வாங்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

கால் இஞ்சு இன்னும் மோசம். விட்வொர்த்திலும் யு.என்.சி.யிலும் 20 மரைதான். ஆனால் முன்னதன் கோணம் 55 டிகிரி, பின்னதன் கோணம் 60 டிகிரி. நட்டு தடையின்றி ஏறிவிடும். பக்கங்கள் முழுமையாகப் படியாது என்பது மட்டும் வெளியே தெரியாது. பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) அரை இஞ்சு டையில் அந்த ஆபத்து இல்லை. குழாயின் உள்துளையை வைத்து எழுந்த பெயர் என்பதால் அதன் மரை ஏறக்குறைய 21 மி.மீ. விட்டத்தில் இருக்கும்; பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். சிறு திருகுகளுக்கான பி.ஏ. டைகளில் எண் ஏற ஏற அளவு குறையும்: 0 என்றால் 6 மி.மீ., 10 என்றால் 1.7 மி.மீ. பொறிப்புள்ள முகத்தை வேலைப்பொருளை நோக்கி வைக்க வேண்டும் என்பது வழக்கம். பொறிப்பு அழிந்த டையில் சரிவாகத் தேய்த்த முகம் எது என்று வெளிச்சத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஒவ்வொரு டையிலும் பித்தளைக் கம்பியில் மரை வெட்டி, மரை இடைவெளியைச் சரிபார்க்கும் 55, 60 டிகிரி பிட்ச் கேஜ் இரண்டையும் வைத்துப் பார்த்து, எங்கிரேவரால் நானே முழுப் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். இதற்கு ஒரு மழைக்காலம் முழுவதும் மாலை நேரங்கள் போயின.

ஆகவே நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். எம்12 x 1.75 என்று பிட்ச் வரை பொறித்த புதிய மெட்ரிக் டை எளிதாகக் கிடைக்கும்போது, கம்பம் பள்ளத்தாக்கின் பம்பு வேலைகளுக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. நல்ல விலைக்குக் கேட்டவர்களிடம் என் பெட்டியை நான் தரவில்லை, தரப்போவதும் இல்லை. நேற்று இரவு அவர் படம் அனுப்பினார்: உள்ளே அரை இஞ்சு டை இரண்டு, ஒன்றில் எழுத்தே இல்லை. பணம் கொடுக்கும் முன் அந்த ஒன்றால் பித்தளையில் ஓர் இஞ்சு நீளம் வெட்டி, மரையை எண்ணிச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன்.