‘சின்ன இன்ஃபெக்ஷன்தான்க்கா’: பூனைக்கு ஊசி போடும் கடைகள் பற்றி கடலூர், பாண்டி ஆட்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆண் பூனை லிட்டர் தட்டில் (ஒன்று, இரண்டு போக வைக்கும் மண் தட்டு) திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறதா? யூரின் வரவே இல்லையா, அல்லது ரத்தம் கலந்து ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வருகிறதா? அப்படியானால் இதை மேலே படிக்க வேண்டாம். பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். அது வெறும் தொற்றாக இல்லாமல் சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். முழு அடைப்பு என்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுத்து, தீனியை ஒதுக்கி, சுருண்டு படுத்துவிட்டது என்றால் அந்த நேரத்தில் பாதி ஏற்கெனவே போய்விட்டது.

பாண்டியில் ஒரு பெட் ஷாப். பக்கத்திலேயே ஒரு சின்ன அறை, வெளியே ‘கிளினிக்’ என்று போர்டு. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் அங்கே தங்கள் நாலு வயது ஆண் பூனையைக் கொண்டுபோனது. கருத்தடை செய்த பூனை, வீட்டை விட்டு வெளியே போகாது, உலர் தீனி மட்டும்தான் தின்னும், கொஞ்சம் குண்டு. அடைப்பு வரும் பூனைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். பார்த்த மாத்திரத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நடந்த பேச்சு இது:

“யூரின் இன்ஃபெக்ஷன்தான்க்கா, சின்ன விஷயம். மூணு நாள் ஊசி போட்டா சரியாயிடும்.”

“நேத்து ராத்திரிலேர்ந்து சுத்தமா போகவே இல்லையே தம்பி?”

“அதுக்கும் சேர்த்துதான் போடுறேன். கொட்டும் பாருங்க.”

வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. யூரின் எடுக்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை. கையில் கொடுத்தது பேடிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் ‘கேட் - இன்ஜெக்ஷன் - 3’ என்று எழுதி, கீழே தொகை. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, டாக்டர் பெயரோ பதிவு எண்ணோ இல்லை. கூடவே மனிதர்களுக்கான ஒரு சிட்ரேட் சிரப் பாட்டில், ஜிப் கவரில் அளந்து போட்ட அரை கிலோ ‘யூரினரி ஃபுட்’. மறுநாளே பூனை எழுந்திருக்க முடியாமல் போக, வேறு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே மயக்கம் கொடுத்து, யூரின் பாதையில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டு, அடைப்பை எடுத்து, டிரிப் ஏற்றி, நாள் கணக்கில் வைத்திருந்துதான் காப்பாற்ற முடிந்தது. ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பொட்டாசியமும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன.

இது ஒரு கடையோடு நிற்கிற விஷயம் இல்லை. இதே ‘மூணு ஊசி பேக்கேஜ்’ பல இடங்களில் ஓடுகிறது. ஓடுவதற்குக் காரணமும் உண்டு. பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளில் யூரின் தொந்தரவுக்குக் கிருமித் தொற்று காரணமாக இருப்பது குறைவு. பாதிக்கும் மேற்பட்ட பூனைகளுக்கு இருப்பது கிருமியே இல்லாத சிறுநீர்ப்பை அழற்சி. வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, தீபாவளி வெடிச் சத்தம் போன்ற மன அழுத்தங்கள் அதைக் கிளப்பிவிடும். அடைப்பு இல்லாத பட்சத்தில் இந்த அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதற்குள் மூன்று ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போகிறது. ‘அந்தக் கடையில சரியாச்சு’ என்று நாலு பேர் சொல்வார்கள். அதை நம்பி ஐந்தாவதாக அடைப்புள்ள பூனை வந்து சேரும். அந்தப் பூனைதான் சாகிறது.

அங்கே நடந்த தவறுகளில் முதலாவது லேசிக்ஸ். ‘யூரின் கொட்டும்’ என்று போட்டது அதுதான் என்று அந்தக் குடும்பம் மறுபடி கேட்டபோது கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். லேசிக்ஸ் சிறுநீரகத்தில் யூரின் உற்பத்தியைக் கூட்டும் மருந்து. வெளியேறும் வழி அடைந்திருக்கும்போது உற்பத்தியைக் கூட்டினால் சிறுநீர்ப்பையில் அழுத்தம் ஏறும், அது சிறுநீரகத்தைத் திருப்பித் தாக்கும், பை கிழியவும் கூடும். அடைப்பில் பூனையைக் கொல்வது பெரும்பாலும் ரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம். அது ஏற ஏற இதயத் துடிப்பு குறைந்து கடைசியில் நின்றுவிடும். இதே காரணத்துக்காக இளநீர் கொடுப்பதையும் நிறுத்துங்கள். ‘உடம்புக்குக் குளிர்ச்சி, யூரின் நல்லா போகும்’ என்று நம் வீடுகளில் முதலில் கை போவது அதில்தான், ஆனால் இளநீரில் பொட்டாசியம் ஏராளம். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், சிறுபீளைக் கஷாயம் எதையும் யூரின் போகாத பூனையின் வாயில் ஊற்றாதீர்கள். கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. அடைப்பை அது எடுக்காது, நேரம்தான் போகும்.

இரண்டாவது, பெயர் சொல்லாத ஊசி. இங்கே அதிகம் புழங்குவது என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். பூனைக்கு அது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. தாண்டினால் விழித்திரை கெட்டுக் கண் போய்விடலாம். நாலு கிலோ பூனைக்கு உச்சபட்சம் 20 மி.கி. நாய்க்கு எடுக்கிற கைக்கணக்கில் சிரிஞ்சில் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சில இடங்களில் அதோடு டெக்ஸா என்ற ஸ்டீராய்டையும் கலக்கிறார்கள். ஸ்டீராய்டு ஏறியதும் பூனை சுறுசுறுப்பாகத் தெரியும், தின்னும், வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி வரும். அழற்சிக்கு அதனால் பயன் இல்லை, உண்மையிலேயே கிருமி இருந்தால் அது பெருகவும் வழி ஆகும். முன்னதாகவோ பின்னாலோ மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைப் போட்டிருந்தால் குடல் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரலாம். அதனால் என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று சீட்டில் எழுதாமல் எந்த ஊசியையும் போட விடாதீர்கள். எழுதித் தர மறுத்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சிட்ரேட் சிரப் விஷயம் இன்னும் மோசம். அது யூரினின் அமிலத்தன்மையைக் குறைத்துக் காரத்தன்மை உள்ளதாக்கும். பூனைக்கு வரும் ஸ்ட்ரூவைட் என்ற கல்லும் மணலும் உருவாவதே காரமான யூரினில்தான். எந்தக் கல், யூரினின் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) எவ்வளவு என்று பார்க்காமல் அதைக் கொடுப்பது கல்லை நாமே வளர்ப்பது போல. மனிதர்கள் நீர்க்கடுப்புக்குப் போடும், யூரினை ஆரஞ்சு நிறமாக்கும் ஃபெனசோபிரிடின் மாத்திரை பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். பாராசிட்டமால் அரை மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

ஜிப் கவர் தீனியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கம்பெனிப் பெயர், தயாரித்த மாதம், எம்.ஆர்.பி., எதுவுமே இல்லாமல் பிரித்துக் கட்டி விற்பது சட்ட அளவியல் விதிகளுக்கே விரோதம். உள்ளே இருப்பது மருத்துவ உணவா, சாதாரண மீன் வாசனை உருண்டையா என்று யாருக்குத் தெரியும்? பிரிக்காத பாக்கெட்டாக இருந்தாலும் கவனியுங்கள்: கடையில் யாருக்கும் விற்கும் ‘யூரினரி கேர்’ வகை வேறு, டாக்டர் எழுதித் தரும் கல் கரைக்கும் உணவு வேறு. முன்னது வராமல் தடுக்க உதவலாம். இருக்கிற கல்லைக் கரைக்க அதை நம்பாதீர்கள். ஸ்ட்ரூவைட் கல் சரியான உணவில் பெரும்பாலும் சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் கல் எந்த உணவிலும் கரையாது. எக்ஸ்ரே, யூரின் டெஸ்ட் இரண்டையும் பார்க்காமல் ‘இந்த ஃபுட் போடுங்க, கரைஞ்சிடும்’ என்று சொல்பவர் ஊகத்தைத்தான் விற்கிறார்.

சரியாகப் பார்க்கும் டாக்டர் முதலில் அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பார். பை எலுமிச்சம்பழம்போலவோ அதைவிடப் பெரிதாகவோ கெட்டியாக இருந்தால் அடைப்பு. (வீட்டில் நீங்கள் அமுக்கிப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடும்.) அடைப்பு இல்லை என்றால் யூரின் எடுக்க வேண்டும். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு, அதாவது கல்ச்சருக்கு, வயிற்றின் வழியாக 22 அல்லது 23 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசியைச் செலுத்திப் பையிலிருந்து நேராக எடுப்பதுதான் முறை. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பழகிய கைக்கு ஒரு நிமிஷ வேலை, பெரும்பாலான பூனைகள் அசையாது. தரையிலிருந்தோ தட்டிலிருந்தோ எடுத்த யூரினில் வெளிக்கிருமி கலந்திருக்கும் என்பதால் கல்ச்சருக்கு உதவாது. ரத்தம், பி.எச்., அடர்த்தி பார்க்க அது போதும். தட்டைக் கழுவிக் காயவைத்து, மண்ணுக்குப் பதில் கழுவிய மீன்தொட்டிக் கூழாங்கல் போட்டு, பூனை போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போவது நல்லது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப்போனால் பூனைக்குள் இல்லாத படிகங்கள்கூட டப்பாவுக்குள் உண்டாகி ரிப்போர்ட்டைக் கெடுக்கும். கல்ச்சர் சாம்பிள் மட்டும் இதற்கு நேர்மாறு. சுத்தமான டப்பாவில், ஃபிரிட்ஜ் குளிரில், 24 மணி நேரத்துக்குள்.

மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால் ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். யூரின் ஸ்டிரிப்பில் வெள்ளணுவுக்கான கட்டம் பூனைக்கு நம்பகமானதல்ல, தொற்று இல்லாவிட்டாலும் நிறம் மாறும். அதைக் காட்டி ‘பாருங்க, இன்ஃபெக்ஷன்’ என்று ஆன்டிபயாடிக் எழுதுகிறவர்கள் உண்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களா, அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நன்றாக இருக்கும் பூனையின் யூரின் அடர்த்தி பெரும்பாலும் 1.035-க்கு மேலே இருக்கும். தொடர்ந்து குறைவாக இருந்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். வயதான பூனைக்கு நிஜமான தொற்று வருவது பெரும்பாலும் இந்த நோய்களின் நிழலில்தான்.

கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது, தொற்றுதான் என்று உறுதியானால் வைத்தியம் எளிது. சாதாரணத் தொற்றுக்கு அமாக்சிசிலின் போன்ற மருந்து மூன்று முதல் ஐந்து நாள் போதும் என்பதுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். மாதக்கணக்கில் எழுதினால் ஏன் என்று கேளுங்கள். கூடவே வலியைக் குறைக்கும் மருந்தும் வேண்டும். வலியில்தான் பூனை தட்டுக்கு வெளியே போகிறது, தீனியை ஒதுக்குகிறது. அதை அடம் என்று நினைத்து அதட்டாதீர்கள். மாத்திரையை வாயில் போட்டு அப்படியே விட்டுவிடாமல், பின்னாலேயே 5 மில்லி தண்ணீரைச் சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக மெல்ல விடுங்கள். குறிப்பாக டாக்ஸிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கி, குழாயையே சுருக்கிவிடும். இரண்டு நாளில் பூனை தேறிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். மருந்து ஓடும்போதும் முக்கல் குறையவில்லை என்றால் மறுபடி யூரின் பார்த்துவிட்டு மருந்தை மாற்ற வேண்டும், பார்க்காமல் இன்னொரு ஊசி போடக் கூடாது.

வீட்டில் முக்கியமானது தண்ணீர். ஒரு பூனைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு சுமார் 50 மில்லி வேண்டும், அதாவது நாலு கிலோ பூனைக்கு 200 மில்லி, தீனியில் உள்ளதையும் சேர்த்து. உலர் தீனியில் ஈரம் பத்து சதவீதம்கூடத் தேறாது. ஈரத் தீனியில் எழுபத்தைந்துக்கு மேல். ஈரத் தீனிக்கு மாற்றி, அதிலும் இரண்டு மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து கூழாக வைத்தால் கேட்காமலேயே குடித்துவிடும். மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரையும் கலக்கலாம்; உப்பு, வெங்காயம், பூண்டு சேரவே கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். டாக்டர் எழுதிய மருத்துவ உணவு ஓடும்போது இதையும் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கருவாடு வேண்டாம். மீன் மட்டுமே போட்டு வளர்ப்பதும் நம் கடற்கரையில் சகஜம்தான், ஆனால் அது முழு உணவு ஆகாது.

லிட்டர் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். கட்டி பிடிக்கும் மண்ணைப் போட்டுக் காலை, மாலை கட்டிகளை எண்ணுங்கள். நல்ல பூனைக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு பெரிய கட்டி. பட்டாணி அளவில் நிறைய இருந்தால் தொந்தரவு திரும்புகிறது. ஒன்றுமே இல்லை என்றால் முதல் பத்தியைப் பாருங்கள். கதீட்டர் எடுத்து வீட்டுக்கு வந்த ஆண் பூனையை முதல் ஒரு வாரம் இப்படியே கண்ணில் வைத்திருக்க வேண்டும், மறு அடைப்பு அதிகம் வருவது அப்போதுதான். நக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டிய கூம்புப் பட்டையை, நக்குவது நிற்கும்வரை கழற்ற வேண்டாம்.

எங்கே போவது? பாண்டியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதோடு சேர்ந்த மருத்துவமனையும் உண்டு. கடலூர்க்காரர்களுக்கும் எட்டுகிற தூரம். தனியார் கிளினிக் என்றால் போகும் முன் போன் செய்து இவ்வளவு கேளுங்கள்: ஆண் பூனைக்குக் கதீட்டர் போடுவீர்களா, மயக்க மருந்து உண்டா, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க முடியுமா, ராத்திரி ஆள் இருப்பார்களா. இல்லை என்று நேர்மையாகச் சொல்லி வேறு இடம் காட்டும் டாக்டர் நல்ல டாக்டர். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா விட வேண்டாம். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண் கேட்பது உங்கள் உரிமை. பதிவு இல்லாதவர் என்றால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். பணத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், ஜிப் கவரின் போட்டோ, அடுத்த மருத்துவமனையின் ரத்த ரிப்போர்ட், எந்தத் தேதியில் என்ன நிலையில் பூனை வந்தது என்று அந்த டாக்டர் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மிச்சத் தீனியைக் கொட்டிவிடாதீர்கள், அதுவும் ஆதாரம்.