லண்டனா நம்ம சங்கமா? நியூரோசைக்கியாட்ரி பிரைஸுக்கு எதுக்கு அனுப்பலாம்

மதுரைல எம்.டி சைக்கியாட்ரி முடிச்ச தம்பி ஒருத்தன் போன வாரம் போன் பண்ணினான். அக்கா, நியூரோசைக்கியாட்ரில, அதாவது மூளைக் கோளாறால மனசுக்கு வர்ற பிரச்சனைங்கள பாக்கற துறையில, ஒரு ஸ்டடி யோசிச்சு வச்சிருக்கேன், இளம் டாக்டர்களுக்கான பிரைஸ் எதுக்காவது அனுப்பணும், லண்டனுக்கு அனுப்பவா இல்ல நம்ம சங்கமான இந்தியன் சைக்கியாட்ரிக் சொசைட்டிக்கே அனுப்பவான்னு கேட்டான். நான் அப்ப கொடைக்கானல் மலையில பெருமாள்மலை தாண்டி பஸ்ல வந்துட்டு இருந்தேன், பாதி பேசறதுக்குள்ள சிக்னல் போயிடுச்சு. மிச்சத்த இங்க எழுதுறேன், இதே கேள்வியோட இன்னும் நாலு பேர் இருப்பீங்க.

முதல்ல லண்டன். அங்க மனநல டாக்டர்களோட அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸோட நியூரோசைக்கியாட்ரி பிரிவு, ஆல்வின் லிஷ்மன் பேர்ல ஒரு பிரைஸ் குடுக்குது. லிஷ்மன் யாருன்னு தெரிஞ்சாதான் அந்த பிரைஸ் எந்த மாதிரி வேலைய மதிக்கும்னு புரியும். பிரிட்டன்ல நியூரோசைக்கியாட்ரிக்கு முதல் பேராசிரியர் அவர்தான், 1987ல பிரிட்டிஷ் நியூரோசைக்கியாட்ரி அசோசியேஷன் உருவாக காரணமானவர்கள்ல ஒருத்தர், 2021ல காலமானார். 1968ல வந்த அவரோட பெரிய பேப்பர் எதுல இருந்து வந்துச்சு தெரியுமா, போர்ல தலையில காயம்பட்ட 670 பேரோட பழைய கேஸ் ரெக்கார்டுல இருந்து. ஸ்கேன் வர்றதுக்கு முந்தின காலம், மூளையில எந்த பக்கம் எவ்வளவு அடிபட்டுச்சு, அதுக்கப்புறம் அந்த ஆளோட மனசுக்கு என்ன ஆச்சுன்னு ரெக்கார்டு ரெக்கார்டா உக்காந்து பாத்திருக்கார். இத படிச்ச அன்னைக்கு நம்ம ஓ.பி அலமாரில தூசி பிடிச்சு கெடக்கற நோட்டுங்களயும் நான் வேற கண்ணோட பாக்க ஆரம்பிச்சேன்.

லண்டனோட பலம் என்னன்னா உங்க வேலைய படிக்கறவங்க மூளையையும் மனசையும் சேத்துப் பாத்தே பழகினவங்க. வலிப்பா இல்ல மன அழுத்தத்தால வலிப்பு மாதிரியே வர்ற டிசோசியேட்டிவ் அட்டாக்கா, என்கெஃபலைட்டிஸ்ல (மூளை வீக்கத்துல) வந்த சைக்கோசிஸா (மனப்பிறழ்வா), இதெல்லாம் அவங்களுக்கு தினசரி சாப்பாடு, அடிப்படைய விளக்க வேண்டியதே இல்ல. ஆனா அப்ஸ்ட்ராக்ட்னு, அதாவது பேப்பரோட சுருக்கம்னு வந்துட்டா சில நூறு வார்த்தைக்குள்ள அடக்கணும், அதுல நம்ம மலையோட கதை முழுசா காணாம போயிடும். இன்னொன்னு, அந்த ராயல் காலேஜ் மெம்பரா இருக்கணுமா, அங்க ட்ரெய்னிங்ல இருக்கணுமான்னு தகுதி வரியத்தான் முதல்ல படிக்கணும், நிறைய பேர் ராத்திரி பகலா எழுதி முடிச்ச பிறகுதான் அத படிக்கறாங்க. போஸ்டரோ பேச்சோ தேர்வாச்சுன்னா விசா, டிக்கெட், ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் எல்லாம் நம்ம கையக் கடிக்கும்.

அமெரிக்கன் நியூரோசைக்கியாட்ரிக் அசோசியேஷனும் இருக்கு, 1988ல ஆரம்பிச்சது, இளம் ஆராய்ச்சியாளர் அவார்டு அவங்களும் குடுத்திருக்காங்க. பெரிய லேப், பெரிய இமேஜிங் டீம் பின்னாடி இருந்தா போங்க. தனியா ஓ.பி பாக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இப்ப நம்ம சங்கம். இந்தியன் சைக்கியாட்ரிக் சொசைட்டி 1947ல ஆரம்பிச்சது, வருஷாந்திர கான்ஃபரன்ஸ்ல மார்ஃபாட்டியா அவார்டு, பகவத் அவார்டுன்னு பேப்பருக்கு தனித்தனியா இருக்கு, பகவத் அவார்டு இளையவங்களுக்குன்னே வச்சது. திலக் வெங்கோபராவ் ஓரேஷன்னு ஒரு கௌரவ சொற்பொழிவும் இருக்கு, அந்தப் பேர கேட்டாலே மதுரைக்காரங்களுக்கு நெஞ்சு நிமிரும், மதுரை மெடிக்கல் காலேஜ்ல இருந்துக்கிட்டே உலகம் கவனிக்கற மாதிரி வேலை பண்ணின வெங்கோபராவ் சாரோட குடும்பத்தோட சேந்த பேர் அது. நம்ம ஊர் பேஷண்ட வச்சு பண்ற ஆராய்ச்சி சின்னதுன்னு நினைக்கறவங்க அவர ஒரு தடவ நினைச்சுக்கணும்.

இங்க குறை என்னன்னு நேராவே சொல்லிடறேன். இது பொது சைக்கியாட்ரி மேடை. உங்க நியூரோ பேப்பர் டிப்ரெஷன் பேப்பரோடயும் குடிநோய் பேப்பரோடயும் ஒரே வரிசையில நிக்கும், ஜட்ஜுக்கு எம்.ஆர்.ஐ படத்துல ஆர்வம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. ஆனா அவார்டு செஷன்ல நின்னு பேசணும், முன் வரிசையில உக்காந்திருக்கற பெரியவங்க கேள்வி கேப்பாங்க, அத வாங்கிக்கிட்டு பதில் சொல்லணும். மலையில தனியா வேலை பாக்கறவங்களுக்கு கிடைக்காதது அதுதான். எனக்கு இங்க ஒரு கேஸ பத்தி சண்டை போடக்கூட பக்கத்துல இன்னொரு சைக்கியாட்ரிஸ்ட் கிடையாது, வத்தலக்குண்டு எறங்கி மதுரைக்கு போனாத்தான் உண்டு. பரிசுப் பணத்த விட அந்த பத்து நிமிஷ கேள்விதான் பேப்பர தூக்கி நிறுத்தும், அது எனக்கு நல்லாவே தெரியும்.

தம்பியோட ஐடியாவயே எடுத்துக்கலாம். கொடைக்கானல்ல பாதரசம் வச்சு வேலை நடந்த தெர்மாமீட்டர் பேக்டரிய 2001ல மூடினாங்க, 2016ல 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்துல செட்டில்மெண்ட் ஆச்சு, இது ஊருக்கே தெரியும். பாதரச ஆவிய ரொம்ப நாள் சுவாசிச்சா கை நடுக்கம் வரும், கூடவே எரிதிசம்னு ஒரு நிலை, கூச்சம், சட்டுனு கோபம், புது ஆளு முன்னாடி நிக்கவே முடியாத பதட்டம், மறதி. பழைய காலத்துல தொப்பி செய்யறவங்களுக்கு வந்ததும் இதுதான். தம்பிக்கு இத வச்சு வேலை பண்ணணும்னு ஆசை.

என் ஓ.பிக்கு ஒரு அண்ணன் வருவார், அங்க வேலை பாத்தவர். பேப்பர்ல ஒரு சுருள் வரைங்கண்ணேன்னு குடுத்தேன், உள்ளேருந்து சுத்திக்கிட்டே வெளிய வர்ற கோடு, மூணாவது சுத்துல பேனா துள்ள ஆரம்பிச்சுது, ஓரத்துக்கு வரும்போது கோடு ரம்பம் மாதிரி ஆயிடுச்சு. அவர் அத பாத்துட்டு பேப்பர மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டார், என்கிட்ட திருப்பித் தரல. அந்த நடுக்கம் பாதரசத்தாலதான்னு ஒரு ஆள வச்சு என்னால சொல்லவே முடியாது, குடி இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், குடும்பத்துலயே வர்ற நடுக்கமா இருக்கலாம், சாப்பிடற மாத்திரையா கூட இருக்கலாம். அதனாலதான் அதே ஊர்ல அதே வயசுல, பேக்டரி பக்கமே போகாதவங்களையும் சேத்துப் பாக்கணும்.

இந்த மாதிரி வேலைய லண்டன் ஜட்ஜ் நரம்பு பரிசோதனை பக்கம் நல்லா துருவுவார். நம்ம மேடையில வேற கேள்வி வரும், கன்ட்ரோல, அதாவது ஒப்பிட்டுப் பாக்க பேக்டரி பக்கம் போகாதவங்கள, எங்க புடிச்சீங்க, கோர்ட் கேஸ் நடந்த ஊர்ல ஜனங்க பதில் சொல்றது அதனால மாறுமா, நஷ்டஈடு எதிர்பார்ப்பு எப்படி கணக்கு எடுத்தீங்கன்னு. எனக்கு ரெண்டாவது வகை கேள்விதான் இந்த ஸ்டடிக்கு உயிர்னு படுது. அதனால என் ஓட்டு இதுக்குத்தான், முதல்ல தமிழ்நாட்டுக் கிளை கான்ஃபரன்ஸ்ல ஒரு தடவ வாசிச்சு அடி வாங்கிட்டு, அப்புறம் தேசிய அவார்டு செஷன். லண்டன் அதுக்கப்புறம், அதுவும் ஒரு இடத்துல வாசிச்சத இன்னொரு இடம் ஏத்துக்குமான்னு விதிய பாத்துட்டு. ஆனா வேலை முழுக்க ஸ்கேன், இ.இ.ஜி (மூளையோட மின்னலைப் பதிவு), ஆன்டிபாடி டெஸ்ட்டுன்னு போறதா இருந்தா நான் நேரா லண்டன்னு மாத்தி சொல்லுவேன், அங்கதான் அத கேக்கற காது இருக்கு.

எங்க அனுப்பினாலும், ஆராய்ச்சி நெறிமுறைய பாக்கற எத்திக்ஸ் கமிட்டியோட அனுமதி இல்லாம ஒரு ஆளக்கூட பாக்காதீங்க. டேட்டா எடுத்து முடிச்சிட்டு பின்தேதில கேட்டா குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது, ஒரு நல்ல வேலை அப்படியே பீரோவுக்குள்ள போனத கிட்டேருந்து பாத்திருக்கேன். தனியா இருக்கறவங்க ஒரு மெடிக்கல் காலேஜ்ல கோ-இன்வெஸ்டிகேட்டரா, அதாவது கூட சேந்து ஆராய்ச்சி பண்றவரா, ஒருத்தர புடிங்க, அவங்க கமிட்டி வழியா போங்க. தம்பி, திங்கக்கிழமை காலைல நீ பண்ண வேண்டிய முதல் வேலை அதுதான், உன் பழைய கைடுக்கு போன் போட்டு கமிட்டி மீட்டிங் எந்த தேதின்னு கேளு, அவார்டு டெட்லைன அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.