38 டொலர் ஒக்சிசன் சென்சர் சொக்கற் பெட்டி: கழட்டக் காணாது, பூட்டத் திறம்

புகைக் குழாயில் நின்று புகையிலுள்ள ஒக்சிசனை அளக்கிற சென்சரைக் கழட்டிப் பூட்டவென்று போன மாதம் வாங்கிய சாமான் இது. கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, அதற்குள் நாலு உருப்படி. வயர் வெளியே வருவதற்காகப் பக்கத்தில் நீளமாக வெட்டு விட்ட, உயரமான 22 மில்லிமீற்றர் சொக்கற் ஒன்று. அதே அளவில் கட்டையாக, ரட்செற் (திருகுகிற கைபிடி) பூட்டுகிற சதுர ஓட்டை ஒரு பக்கம் தள்ளியிருக்கிற சொக்கற் ஒன்று. காகத்தின் கால் போல ஒரு பக்கம் திறந்த ஒன்று. கடைசியாக, புரியைத் துப்புரவாக்குகிற சாமான். வரியோடு 38 டொலர். கொம்பனிப் பெயரை எழுதவில்லை. இதே பெட்டியைப் பத்துப் பெயரில் விற்கிறார்கள், ஒன்றை மட்டும் பிடித்துக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

எங்களிடம் இருப்பது 2008 ரொயோட்டா சியென்னா, 3.5 லீற்றர் வி6 என்ஜின். 2,70,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது. ரொறன்ரோ ஸ்காபரோவில் பிள்ளைகளை நீச்சலுக்கும் வயலினுக்கும் ஏற்றி இறக்கியே வந்த கணக்கு அது. செப்ரெம்பர் கடைசியில் ஒரு நாள் விடிய ஸ்ராட் பண்ணினால் என்ஜின் லைற், கூடவே விஎஸ்சி (வழுக்கல் தடுப்பு) லைற்றும் எரிந்தது. 25 டொலர் புளூடூத் ஸ்கானரைச் செருகிப் பார்த்தேன். பி0031 என்று வந்தது. பாங்க் 1, சென்சர் 1, அதன் சூடாக்கிச் சுற்றில் மின்னோட்டம் குறைவு.

கராஜ் ஒன்றில் விலை கேட்டேன். சென்சர் மாற்ற 520 டொலர் என்றார்கள். கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் (புகையிலுள்ள நஞ்சைக் குறைக்கிற பகுதி) போயிருக்கும், சேர்த்து மாற்றினால் நல்லது, 1,900க்குள் முடித்துத் தரலாம் என்றும் சொன்னார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கொன்வேர்ட்டர் பழுதென்றால் வழக்கமாக வருவது பி0420. என் ஸ்கானரில் அந்த இலக்கமே இல்லை. சூடாக்கி அறுந்ததற்கும் கொன்வேர்ட்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "அண்ணை, பழைய வான்தானே" என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சூடாக்கி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு சொல். இந்தச் சென்சர் சூடானால்தான் வேலை செய்யும், சாதாரண ஒக்சிசன் சென்சருக்கே 300 பாகைக்கு மேல் வேண்டும். 1976இல் பொஷ் செய்த முதல் சென்சர் வொல்வோ கார்களில் வந்தபோது உள்ளே சூடாக்கி இல்லை. புகையின் சூட்டிலேயே அது சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது உள்ளே ஒரு குட்டி மின் அடுப்பு இருக்கிறது. அது அறுந்தால் வான் ஓடும், ஆனால் குளிரில் ஸ்ராட் பண்ணிய முதல் சில நிமிடங்களுக்காவது என்ஜின் பெற்றோலைக் குருட்டுக் கணக்கில் ஊற்றும். ரொறன்ரோக் குளிரில் அந்தச் சில நிமிடங்கள் ஒவ்வொரு நாளும் வரும்.

முதலாம் சிலிண்டர் இருக்கிற பக்கத்தைத்தான் பாங்க் 1 என்கிறார்கள். சென்சர் 1 என்றால் கொன்வேர்ட்டருக்கு முன்னால் நிற்பது. சியென்னாவில் என்ஜின் குறுக்காகக் கிடக்கிறது. அதனால் பாங்க் 2 ரேடியேற்றர் பக்கம், பொனற்றைத் திறந்தால் சென்சர் முகத்துக்கு நேரே நிற்கும். பாங்க் 1 பின்பக்கம், என்ஜினுக்கும் வானின் உட்சுவருக்கும் இடையில். அங்கே என் கை முழங்கை வரைக்கும்தான் போகும். கண் போகவே போகாது. போனில் வீடியோ எடுத்துத்தான் சென்சர் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன்.

சென்சரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. டென்சோ கொம்பனியினது, 140 டொலர் சொச்சம். இந்த வானில் கொன்வேர்ட்டருக்கு முன்னால் நிற்கிற சென்சர்கள் இரண்டும் சாதாரண ஒக்சிசன் சென்சர் அல்ல, காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தையே அளக்கிற வகை. கொன்வேர்ட்டருக்குப் பின்னால் நிற்பவை வேறு. ஒன்றை மற்றதன் இடத்தில் பூட்ட முடியாது. வயரை வெட்டி ஒட்டுகிற பொதுவகைச் சென்சர் மலிவாகக் கிடைக்கிறது, நான் தொடவில்லை. பல சென்சர்கள் வெளிக்காற்றை வயருக்குள்ளால்தான் இழுக்கின்றன. ஈயம் வைத்து ஒட்டினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

வெள்ளி பின்னேரமே துருவை இளக்குகிற ஸ்பிரேயை அடித்து வைத்தேன், படுக்கப் போகும் முன் இன்னொரு தரம். சனி காலை மச்சான் வந்தான். வைப்பர் கைகள், அதற்குக் கீழே பிளாஸ்ரிக் மூடி, வைப்பர் மோட்டர், அதற்கும் கீழே 10 மில்லிமீற்றர் போல்ட்களால் பிடித்திருந்த தகரத் தட்டு, எல்லாம் வெளியே வந்தன. இதற்கே ஒன்றரை மணித்தியாலம். பிளாஸ்ரிக் கிளிப் மூன்று முறிந்தது. மற்றப்படி சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். தட்டு வந்தவுடன் சென்சரின் தலை கண்ணில் பட்டது. பதினாறு வருடத்துத் துரு, நல்ல கருஞ்சிவப்பு.

கழட்ட முன் மல்ரிமீற்றரை எடுத்தேன். ரேடியேற்றர் பக்கத்து பாங்க் 2 சென்சரின் சூடாக்கி 2 ஓம் அளவில் காட்டியது. பாங்க் 1 சென்சரில் ஒன்றுமே காட்டவில்லை, கம்பி அறுந்த கதை. 520 டொலர் கேட்ட இடத்தில் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்து காட்டியிருந்தால் நானே காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

இனிப் பெட்டிக்கு வருவோம்.

உயரமான சொக்கற் உள்ளே போகவே இல்லை. அதன் உயரமும் ரட்செற்றின் தடிப்பும் சேர்ந்தால் உட்சுவரில் முட்டுகிறது. காகக்கால் போனது, ஆனால் பாதிப் பிடிதான், கையால் ஆட்டிப் பார்த்தபோதே வழுகியது. மிஞ்சியது பக்கம் தள்ளிய கட்டைச் சொக்கற். அது அழகாகப் போய் இருந்தது. இந்த இடத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறதே என்று மச்சானிடம் சொல்லிக்கொண்டு நீட்டுக் கம்பியைப் பூட்டி இழுத்தேன். கம்பி அசைந்தது. "வந்திட்டுது!" என்றான் அவன். வரவில்லை. சொக்கற்றின் வெட்டு வாயைத் திறந்துகொண்டு வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், வயர் நுழையும் அளவில் இருந்த இடைவெளியில் இப்போது என் சுண்டுவிரல் போகிறது. சென்சரின் ஆறு மூலைகளில் இரண்டு மழுங்கி மினுங்கின.

இந்த வகைச் சொக்கற்றின் அடிப்படைக் குறையே இதுதான். வயருக்காக ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் அது வளையம் இல்லை, ஒரு கொக்கி. புதிதாக இறுக்கிய சென்சருக்கு அந்தப் பலம் காணும். கனடா றோட்டு உப்பைப் பதினாறு வருடம் குடித்ததற்குக் காணாது. விலை கூடின, நல்ல உருக்கில் செய்ததை வாங்கினால் விரிவு குறையலாம். வெட்டு வெட்டுத்தான்.

அரை மணித்தியாலம் வானைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். தேத்தண்ணி வந்தது. கோப்பையோடு நின்றபடி மச்சான்தான் கேட்டான்: "அத்தான், இந்தப் பழைய சென்சரைத் திரும்பப் பூட்டப் போறீங்களோ?" இல்லை என்றேன். "பிறகென்னத்துக்கு வயரைக் காப்பாத்துறீங்கள்?"

குறட்டை எடுத்து வயரைச் சென்சரின் தலையடியில் வெட்டினேன். இப்போது தலையில் ஒன்றும் இல்லை, மொட்டை. என் பழைய பெட்டியில் கிடந்த சாதாரண 22 மில்லிமீற்றர் வளைய ஸ்பானர் மேலிருந்து இறங்கி மூலைகளை முழுதாகப் பிடித்தது. அதன் மறுமுனையில் இன்னொரு ஸ்பானரைக் கொழுவி நீளத்தைக் கூட்டினோம். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிற்பாட்டி, தடித்த கையுறையோடு இழுத்தேன். "டக்" என்று சத்தம். ஏதோ முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முறியவில்லை, இளகியிருந்தது. கால் சுற்று, திரும்ப உள்ளே, ஸ்பிரே, அரைச் சுற்று, திரும்ப உள்ளே. இப்படிக் கீச்சிட்டுக் கீச்சிட்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்தது. அதைக் கழட்ட இந்தப் பெட்டியில் ஒரு சாமானும் தேவைப்படவில்லை.

வெட்ட முன் ஒன்று: புதிய சென்சரைப் பெட்டியில் இருந்து எடுத்து, செருகியும் வயர் நீளமும் சரியா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். வெட்டின பிறகு திரும்பிப் போக வழியில்லை.

ஆனால் பூட்டுகிற வேலையில் இதே பெட்டி எனக்குப் பிடித்துப் போய்விட்டது. புரி துப்புரவாக்கியை முதலில் கையாலேயே உள்ளே விட்டேன். அளவு சரி, 18 மில்லிமீற்றர், 1.5 புரி இடைவெளி. இரண்டு தரம் போய் வந்ததில் ஒரு கரண்டி செம்மண் போலத் துரு விழுந்தது. 38 டொலரில் பாதியை இதற்கே கொடுக்கலாம். புதிய சென்சரின் புரியில் சாம்பல் நிறப் பசை ஏற்கெனவே பூசித்தான் வருகிறது, மேலதிகமாக ஒன்றும் பூசவில்லை. நுனியில் மட்டும் கை, எண்ணெய், எதுவும் படக் கூடாது. சிலிக்கோன் சேர்ந்த ஸ்பிரேயை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், சென்சருக்கு அது நஞ்சு.

புதிய சென்சருக்கு வயர் வேண்டுமே, அதனால் வளைய ஸ்பானர் இங்கே உதவாது. முதலில் வயரை எதிர்ப்பக்கமாக நாலைந்து முறுக்கு முறுக்கி வைத்துக்கொண்டு கையால் திருகினேன். திருகத் திருக அந்த முறுக்கு அவிழ்ந்து, கடைசியில் வயர் நேராக வந்து நின்றது. கடைசி இறுக்கம் 40 நியூட்டன் மீற்றர் அளவுதான். கட்டைச் சொக்கற் ஒன்று விரிந்து போனதால் கடைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியையே மாற்றி எடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதற்கு ஒரு புள்ளி. புதியதை, இறுக்கத்தை அளந்து காட்டுகிற ரோர்க் ஸ்பானருக்குச் செங்குத்தாக வைத்து இறுக்கினேன். ஓட்டை பக்கம் தள்ளி இருப்பதால் நேர்கோட்டில் வைத்தால் அளவு மாறிவிடும், செங்குத்தாக வைத்தால் மாறாது. வாய் ஒரு மயிரளவும் விரியவில்லை.

கடைக்குப் போய் வந்ததில் பின்னேரமாகிவிட்டது. "என்னப்பா, இருட்டப் போகுது, நாளைக்குக் கோயிலுக்கு வான் வருமோ வராதோ?" என்று மனைவி வாசலில் இருந்து கேட்டபோது, நான் முறிந்த கிளிப்புகளுக்குப் பதில் எதைச் செருகலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

லைற்றை ஸ்கானரால் அழித்து நாலு கிழமை ஆகிறது, திரும்ப எரியவில்லை. பெற்றோல் மிச்சமா என்றால், என் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கராஜ் கேட்ட 520உடன் பார்த்தால் 340 டொலர் மிச்சம், மச்சானுக்கு வாங்கிக் கொடுத்த கொத்துரொட்டியைக் கழிக்காமல்.

சென்சர் கையெட்டும் இடத்தில், துருவில்லாமல் இருந்தால் இந்தப் பெட்டி 5க்கு 4. என்னுடையதைப் போல ஒளிந்து கிடந்து துருப்பிடித்திருந்தால் 5க்கு 2தான், அந்த இரண்டும் பூட்டுகிற வேலைக்கும் புரி துப்புரவாக்கிக்கும். காகக்காலை எதற்குப் போட்டார்கள் என்று இன்னும் விளங்கவில்லை.

வைப்பர் கைகளைக் கழட்ட முன் கண்ணாடியில் ரேப் ஒட்டி இடத்தைக் குறித்து வையுங்கள். நான் குறிக்கவில்லை. ஞாயிறு விடிய நல்ல மழை, கோயிலுக்குப் போகிற வழியில் வைப்பர் இரண்டும் ஒன்றோடொன்று அடிபட்டுக்கொண்டே வந்தன.